கறள் பிடித்த ஜீப்: ஒட்டுவதா, வெட்டுவதா, புதுப் பொடி போடுவதா?

போன மாசி, காலபோக நெல்லு வெட்டி முடிந்த கையோடு, ஜீப்பின் றப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். சாரதிப் பக்கம், கிளச் மிதிக்கும் காலின் குதி ஊன்றுகிற இடத்தில் பெயின்ற் மட்டும் தோல்போல நின்றது. ஸ்க்ரூ ட்ரைவரை வைத்து மெல்ல அழுத்தினேன். தகடு தட்டுப்படவில்லை, நுனி நேரே கீழே போய்விட்டது. குனிந்து பார்த்தால் ஓட்டைக்குள்ளால் எங்கள் முற்றத்து மணல் தெரிகிறது.

வண்டி மிட்சுபிஷி ஜீப், 4டீஆர்5 டீசல் எஞ்சின். வில்லிஸ் நிறுவனத்திடம் உரிமம் வாங்கி மிட்சுபிஷி 1953 இல் தொடங்கி 1998 வரை செய்த அதே ஜீப் வரிசைதான். மீள்குடியேறிய பிறகு 2012 இல் அப்பா வாங்கினார். முத்தையன்கட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் வயலுக்கு விதைநெல்லும் உரமும் ஏற்றினது, மழைக்குச் சேற்றில் புதைந்த உழவு இயந்திரத்தை இழுத்தது, இடையில் இரண்டு வருடம் மச்சான் மீன் வியாபாரம் செய்தபோது முல்லைத்தீவுக் கரையிலிருந்து மாங்குளத்துக்கு ஐஸ் பெட்டி சுமந்தது என்று அதுக்கு ஓய்வே கிடைக்கவில்லை. எஞ்சின் இன்றைக்கும் ஒரு அடியில் பிடிக்கும், கியர் பெட்டியில் சத்தம் இல்லை. பொடிதான், அதாவது வண்டியின் தகட்டுக் கூடுதான், போய்விட்டது. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள், திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு வாகனம் நெல்லு விதைக்கிறவனின் கைக்கு எட்டாது. ஆகவே விற்பது என்ற பேச்சே இல்லை, திருத்துவதுதான். எப்படித் திருத்துவது என்பதுதான் கேள்வி, அதுக்கு ஊரில் ஆளுக்கொரு மறுமொழி இருந்தது: கட்டலோய்ப் பசை அப்பு, பைபர் ஒட்டு, வெட்டி வெல்டிங் பண்ணு, பொடியையே புதுசாய் அடி.

ஒட்டுசுட்டானில் ரிங்கரிங், அதாவது பொடித் தகடு திருத்துகிற வேலை செய்கிற அண்ணையிடம் முதலில் போனேன். அவர் வண்டியைச் சுற்றியே வரவில்லை. "தம்பி, மேலால பாத்து விலை கேக்காதேங்கோ. சுரண்டிப்போட்டுக் கொண்டுவாங்கோ, அப்ப சொல்லுறன்" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்குக் கொஞ்சம் மனம் சுணங்கினாலும், அதைவிட நல்ல ஆலோசனையை வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அதனால் நானும் அதையே முதலில் சொல்கிறேன். இருக்கை, விரிப்பு, பற்றரித் தட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கீழே அப்பியிருக்கிற சேற்றைத் தண்ணீர் பீச்சிக் கழுவி இரண்டு நாள் வெயிலில் விடுங்கள். பிறகு சின்னச் சுத்தியலால் அரை அடிக்கு ஒரு தட்டு. நல்ல தகடு கணீர் என்னும், போன தகடு பொத்தென்று சத்தம் தரும். ஒரு காந்தத்தையும் கொண்டு திரியுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் முன்பு யாரோ கட்டலோய் அப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம், எங்கள் ஜீப்பின் பின்மூலை இரண்டிலும் அது ஒட்டவில்லை. பெயின்ற் கொப்புளம் போட்ட இடம் சின்னதாய்த் தெரியும், சுரண்டினால் அதன் நாலைந்து மடங்கு அகலத்துக்கு உள்ளே கறள் ஓடியிருக்கும்.

இதையெல்லாம் செய்வது ஓட்டைகளை எண்ணுவதற்கு இல்லை. இந்த வகை ஜீப்பில் பாரத்தைச் சுமப்பது கீழே இருக்கிற சேசி என்கிற இரும்புச் சட்டம். பொடி அதுக்கு மேல் றப்பர் வைத்து போல்ட்டில் இருக்கிறது. ஆனபடியால் பக்கச் சுவரிலோ மட்காட்டிலோ கை போகிற ஓட்டை இருந்தாலும் வண்டி விழுந்துவிடாது. ஆனால் பொடி சேசியோடு பொருந்துகிற போல்ட் இடங்கள், இருக்கை பூட்டுகிற இடங்கள், இருக்கைப் பட்டி பிடிக்கிற இடம், தளத்துக்குக் கீழே குறுக்காக ஓடுகிற, ‘ப’ மாதிரியான பட்டங்கள், இவை தோல் இல்லை, எலும்பு. உங்கள் கறள் தோலில் நிற்கிறதா எலும்புக்குப் போய்விட்டதா என்று தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

மற்றப் பாதி, கறள் எங்கேயிருந்து வந்தது என்பது. இரும்புக்குக் கறள் பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும், உப்பும் சேர்ந்தால் அந்தத் தண்ணீர் மின்னோட்டத்தை நன்றாகக் கடத்தும், வேலை பல மடங்கு கெதியாக நடக்கும். எங்கள் பின்தளம் போனது ரெஜிபோம் பெட்டிகளிலிருந்து ஒழுகின ஐஸ் தண்ணீரால், அது மீனின் உப்போடு மடிப்புகளுக்குள் போய்த் தங்கிவிட்டது. அப்பா உர மூட்டையும் அதில்தான் ஏற்றுவார். எம்ஓபி என்று நாங்கள் வயலுக்குப் போடுகிறது பொட்டாசியம் குளோரைட், அதுவும் ஒரு உப்புத்தான். மூட்டை கிழிந்து ஒரு பிடி கொட்டினாலும் மழைக்காற்றில் ஈரத்தை இழுத்துக்கொண்டு தகட்டிலேயே கிடக்கும். முன்தளம் போனதுக்குக் காரணம் வேறு: விரிப்புக்குக் கீழே ஊறின ஈரம், கீழ்ப்பக்கம் ப பட்டத்துக்குள் அடைந்த சேறு, அடைபட்டுப்போன வடிகால் துளைகள். காரணத்தை நிறுத்தாமல் தகட்டை மட்டும் மாற்றினால் இரண்டு மாரி தாங்கும், அவ்வளவுதான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

கட்டலோய் பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை. நல்ல தகட்டில் விழுந்த நெளிவை நிரவுவதற்குச் செய்த சாமான் அது. அதுக்குள் கிடக்கிற மாவு ஈரத்தை உறிஞ்சும், ஓட்டைக்குக் கீழே கடதாசியோ வலையோ வைத்து அப்பினால் உள்ளே கறள் வெளியில் தெரியாமல் வளரும். இரும்பு கறளாகும்போது ஊதும், ஊதி அப்பினதைத் தள்ளிவிடும். எங்கள் பின்மூலையில் இருந்ததை உளியால் தட்டினபோது கையகலத் துண்டாக அப்படியே கழன்று வந்தது, அதன் முதுகில் முழுக்க ஈரச் செம்மண் நிறம். விற்கிறதுக்காகப் பூசுகிறவர்களுக்குத்தான் அந்த வழி. வைத்து ஓடப்போகிறவர் அதை ஓட்டைக்கு நம்ப வேண்டாம்.

பைபர் அப்படி இல்லை, அதைப்பற்றி விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அந்த வேலையில் தேர்ந்த கைகள் இருக்கின்றன. முல்லைத்தீவுக் கரையில் படகு திருத்துகிற பிள்ளைகள் ரெசினையும் கண்ணாடியிழை மற்றையும் வைத்து இரண்டடி வெடிப்பை ஒரு பின்னேரத்தில் மூடிவிடுவார்கள். செலவும் குறைவு. வெல்டிங்குக்கு மின்சாரம் தேடத் தேவையில்லை, பிளக்கே இல்லாத வாடியில் இருந்தும் செய்யலாம். நானும் அதைத்தான் செய்விக்கிற யோசனையோடு போனேன். படகுக்குக் கீழே படுத்திருந்த தம்பி ஒருவர் என் தகட்டுப் படங்களைப் போனில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கட போட் முழுக்கப் பைபர்தான் அண்ணை, அதால நிக்குது. உங்கட தகரத்துக்கு மேல ஒட்டினா, அது தகரத்தை நம்பியெல்லோ நிக்கோணும்."

அவர் சொன்னதுக்குள் எல்லாம் இருக்கிறது. படகுக்குப் பாவிக்கிற பொலியெஸ்டர் ரெசின் பைபரோடு பைபராய்ப் பிடிக்கும், இரும்பில் அவ்வளவு பிடிப்பு இல்லை, காயும்போது சுருங்கவும் செய்யும். வன்னி வெயிலில் வண்டி வெளியே நின்றால் தகடு கை வைக்க முடியாமல் சுடும், இரவில் குளிரும். இரும்பும் ரெசினும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. அதோடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது பொடி முறுகும். கொஞ்சக் காலத்தில் ஓரத்தில் மயிரளவு கீறல் வரும், அதுக்குள்ளால் தண்ணீர் போகும், பிறகு நடக்கிறது கட்டலோயின் கதைதான். எபொக்சி ரெசின் இரும்பில் இதைவிட நன்றாகப் பிடிக்கும், விலை கூட. என்னுடைய எண்ணம்: பாரம் எதுவும் வராத தோல் இடத்தில், வெள்ளைத் தகடு தெரியும்வரை கறளைத் தேய்த்து எடுத்து, எபொக்சியோடு, இரண்டு பக்கமும் மூடினால் பைபர் நல்ல வழிதான். தளத்தில், போல்ட் பூட்டுகிற இடத்தில், இருக்கைக்குக் கீழே வேண்டாம். ஒட்டு விட்டுப்போகிற அன்றைக்கு உங்கள் பிள்ளை அந்த இருக்கையில் இருக்கலாம்.

இன்னொன்று, கடையில் ரெசினோடு தருகிற ஹார்ட்னரைக் கண் மதிப்பில் ஊற்றாதீர்கள். பொலியெஸ்டருக்கு நூறு பங்குக்கு ஒன்று இரண்டு பங்கு போதும், எங்கள் வெக்கைக்குக் குறைந்த பக்கமே நல்லது. கூடினால் கோப்பையிலேயே இறுகும்.

இனி வெட்டி வெல்டிங். இதில் மூன்று நாலு விதம் இருக்கிறது, கராச்சில் நாம் ‘வெல்டிங்’ என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டு வருவதால்தான் பிழை நடக்கிறது. கேற்றும் கிறிலும் செய்கிற இடத்தில் இருப்பது ரொட் வைத்து அடிக்கிற ஆர்க் பிளான்ற். அது அங்கிள் இரும்புக்கு அருமை. ஒரு மில்லிமீற்றர் சொச்சம் தடிப்புள்ள பொடித் தகட்டில் அதே ரொட்டை வைத்தால் ஒரு ஓட்டையை அடைக்கப்போய் மூன்று ஓட்டை வரும். காஸ் வெல்டிங்கில் பழைய பாஸ்மார் சில பேர் தகட்டைத் துணி தைக்கிறது மாதிரித் தைப்பார்கள், ஆனால் சூடு பரவி தகடு நெளியும், நிமிர்த்தத் தெரிந்த கை வேண்டும். மெல்லிய கம்பி தானாக வருகிற மிக் பிளான்ற்தான் இதுக்கு ஏற்றது. 0.6 அல்லது 0.8 மில்லிமீற்றர் கம்பி, ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு எதிர்ப்பக்கம், ஆறவிட்டுத் திரும்ப. ஒரே இழுவையாய் இழுக்கிறவரைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள்.

துண்டுத் தகட்டின் தடிப்பு இன்னொரு விசயம். ‘இனிமேல் கறளே பிடிக்காது’ என்று மூன்று மில்லிமீற்றர் செக்கர் பிளேற் போட்டுத் தரச் சொன்னவர்கள் எனக்கு நாலு பேர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீற்றர் இரும்புத் தகடு, ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு ஏறத்தாழ 7.85 கிலோ. தளம் இரண்டு சதுர மீற்றர் என்று வைத்தால் மூன்று மில்லிமீற்றரில் 47 கிலோ, 1.2 மில்லிமீற்றரில் 19 கிலோ. ஒரு சின்னப் பிள்ளையின் பாரத்தை எந்த நேரமும் ஏற்றிக்கொண்டு திரிவது மாதிரி. பாரம்கூடப் பரவாயில்லை. தடித்த தகடு வளையாது, பக்கத்திலிருக்கிற பழைய மெல்லிய தகடு வளையும், இரண்டுக்கும் இடையில் வெல்டிங் ஓரத்தில்தான் வெடிப்பு வரும். பழைய தகட்டின் தடிப்பை ஒட்டியே புதுத் தகடும் இருக்கட்டும், பலம் வேண்டுமென்றால் மடிப்புக் கொடுத்து எடுங்கள்.

கூரைக்கு வாங்கின, துத்தநாகம் பூசின சிங் தகரம் மிஞ்சிக் கிடக்கிறது, அதை வெட்டிப் போடலாம் என்றும் நினைப்பீர்கள். துத்தநாகம் 420 பாகை செல்சியஸ் வரையில் உருகும், வெல்டிங் சூட்டில் ஆவியாகிவிடும், ஆகவே காப்பு வேண்டிய ஓரத்தில்தான் காப்பு இல்லாமல் போகும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டிங் செய்கிறவரின் நெஞ்சை யோசித்தாவது அதை விடுங்கள்.

நல்ல தகடு வருகிற வரைக்கும் வெட்ட வேண்டும், அது மனதுக்குக் கஷ்டமான நேரம். எனக்கு ஓட்டை சிரட்டையளவு. வெட்டி எடுத்த துண்டு ஒரு சுளகளவு. ஆனால் கறளின் மேல் பொட்டு வைத்தால் அது பிடிக்காது, வைத்தவரிலும் பிழை இல்லை. வேலை தொடங்க முன் பற்றரியைக் கழற்றி, டீசல் தாங்கியையும் இறக்கி வைத்துவிடுங்கள். வெறும் தாங்கிதானே என்று விடக்கூடாது, வெறும் தாங்கிக்குள் நிற்கிற ஆவிதான் ஆபத்து.

புதுப் பொடி அடிப்பது நாலாவது வழி. தகடு வாங்கி மடித்து முழுத் தொட்டியையும் புதுசாய்ச் செய்துதருகிற இடங்கள் இருக்கின்றன. செலவு, என்னிடம் சொன்ன விலையில், தளத்தை வெட்டி மாற்றுவதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஆனால் இதை வீண்செலவு என்று ஒதுக்கமாட்டேன். பொடி பூட்டுகிற இடங்களில் பாதிக்கு மேல் போயிருந்தால், அல்லது முன்பே ஒட்டுக்கு மேல் ஒட்டாக மூன்று தலைமுறை ஒட்டுப் போட்டிருந்தால், துண்டு துண்டாய்க் கொடுக்கிற கூலி கடைசியில் அதே இடத்துக்குத்தான் வரும். செய்விக்கிறதென்றால் உங்கள் பழைய பொடியை அளவுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துச் செய்விக்க வேண்டும், போல்ட் துளைகள் விரல் அகலம் விலகினாலும் கதவும் கண்ணாடிச் சட்டமும் ஒருநாளும் பொருந்தாது. மடிப்புகளை மூட முன் உள்பக்கத்துக்குப் பிரைமர் அடித்தார்களா என்பதை நேரில் நின்று பாருங்கள். மூடின பிறகு யாராலும் பார்க்க முடியாது.

பழைய பொடி தேடி வாங்குவதும் உண்டு. 2009 இல் புதுக்குடியிருப்புப் பக்கம் கைவிடப்பட்டு மழையிலும் வெயிலிலும் கிடந்த வாகனங்களிலிருந்து கழன்ற தகடுகள் இன்னும் சில வளவுகளில் இருக்கின்றன. எரிந்த வண்டியின் தகடு என்றால் வேண்டாம். பெயின்றோடு காப்பு எல்லாம் போய், தகடும் பதம் இழந்து, மேலே நேராய்த் தெரிந்தாலும் சுத்தியலுக்குச் சொதசொதவென்று போகும். அந்தத் தகடுகளில் சிலதைக் கையில் எடுக்க எனக்கு மனமும் வரவில்லை.

லாண்ட் ரோவர் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். போருக்குப் பிறகு இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்த 1948 இல் வந்ததால் அதன் பொடி அலுமினியம். அதில் போவது இரும்பாலான சேசியும் எஞ்சினுக்குப் பின்னால் நிற்கிற முன்சுவரும். அலுமினியமும் இரும்பும் தொடுகிற இடத்தில் அலுமினியம் வெள்ளை மாவாய் உதிரும். அங்கே இடையில் றப்பரோ சீலரோ வைக்காமல் திரும்பப் பூட்டக்கூடாது.

எந்த வண்டியானாலும் சேசியில் கறள் இருந்தால் பொடியின் கதையை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பாருங்கள். பெட்டி வடிவச் சேசி உள்ளிருந்து போகும், வெளியே பெயின்ற் நல்லாய் இருக்கும். துண்டு வைக்கிறதென்றால் நேர் குறுக்காக வெல்ட் இழுக்க விடாதீர்கள், அந்தக் கோட்டிலேயே முறியும். ஓரங்களைச் சரித்து வைத்த நீளத் துண்டாக இருக்க வேண்டும். சேசி இலக்கம் அடித்திருக்கிற இடத்துக்குக் கிறைண்டர் போகவே கூடாது. வாகனப் பதிவுப் புத்தகத்திலிருக்கிற இலக்கமும் வண்டியிலிருக்கிற இலக்கமும் பொருந்தாவிட்டால் அந்த வண்டி உங்களுடையது என்று காட்ட வழியில்லை.

நாங்கள் கடைசியில் செய்தது: முன்தளமும் பின்தளமும் கீழே இரண்டு ப பட்டமும் வெட்டி, 1.2 மில்லிமீற்றர் தகட்டில் மிக் வெல்டிங். பின்மூலை இரண்டும் வெறும் தோல் என்பதால் எபொக்சி பைபர், அதைச் செய்தது அந்தப் படகுத் தம்பிதான். பதினொரு நாள் எடுத்தது, அதில் நாலு நாள் சுரண்டலும் தேய்ப்பும், அதை நானும் மச்சானும் செய்ததால் கூலியில் நல்ல பங்கு மிச்சம். மாசி பங்குனியில் செய்தது நல்லதாய்ப் போயிற்று. ஐப்பசி கார்த்திகையில் தகடு தேய்த்து வைத்தால் பின்னேரத்துக்குள் செம்மஞ்சள் படரும், சோளகக் காற்று எழும்பின பிறகு பெயின்ற் அடித்தால் செம்புழுதி முழுக்க ஈரப் பெயின்றில் வந்து இருக்கும். தேய்த்த அன்றைக்கே எபொக்சி பிரைமர் அடித்தோம், வெறும் ரெட் ஒக்சைட்டில் விட்டுவைக்கவில்லை. பிறகு பொருத்துக்களுக்குச் சீலர், பட்டங்களுக்குள் மெழுகு.

கழிவு ஓயில் அடிக்கச் சொல்லித்தான் எல்லோரும் சொன்னார்கள், அப்பாவும் வருசா வருசம் அதைத்தான் செய்தவர். றப்பர் புஷ்களை அது ஊதவைக்கும், ஓடின ஓயிலில் அமிலமும் இருக்கும், சொட்டுகிறது எங்கள் கிணற்றடி மண்ணில். மெழுகுக்குக் கொடுத்த காசை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது ஜீப்பில் விரிப்பு இல்லை, வடிகால் துளைகளை மாதம் ஒருதரம் கம்பி விட்டுப் பார்க்கிறேன், மீன் பெட்டி ஏறுவதென்றால் லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில்தான். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த அடுத்த நாள் விடிய ரோச்லைற்றோடு போய்க் குனிந்து பார்த்தேன். தளம் காய்ந்திருந்தது, இடது பக்க மூலையில் மட்டும் ஒரு கோடு ஈரம். விரலால் தொட்டுக்கொண்டு மேலே போனேன், கண்ணாடிச் சட்டத்தின் அடியிலிருந்து வருகிறது. அந்தச் சட்டத்தைக் காசு பத்தாமல் விட்டுவைத்திருந்தோம். ஒரு சாக்குத் துண்டை மடித்து அடியில் வைத்திருக்கிறேன், வெட்டு முடியட்டும், வருகிற மாசிக்கு அதைக் கழற்ற வேண்டும்.